நாலாம் துளை

டுலூத்தில் நவம்பர். கையுறையோடுதான்
கையெழுத்து வாங்குகிறாள் தபால்காரி நோரீன்.
"இன்றைக்கு ஆறு வாய், மிஸஸ் காங்கஸ்."
ஆறு ஹார்மோனிகா என்று அர்த்தம்.

உறையைக் கிழித்ததும் முகர்ந்து பார்ப்பேன்.
காப்பி. புதினா மிட்டாய். மலிவு விஸ்கி.
துளை ஓரமெல்லாம் ஆரஞ்சு உதட்டுச்சாயம் என்றால்
அது டுல்சாக்காரி, தேவாலயத்தில் வாசிப்பவள்.
பர்கர் ரொட்டியின் எள் ஒன்று
ஒருவருடைய ஏழாம் துளையை
மூன்று வருஷம் ஊமையாக்கி வைத்திருந்தது.

எல்லோருக்கும் ஒரே துண்டுச்சீட்டுதான் வைத்து அனுப்புகிறேன்:
வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதவும்.
முடிந்ததும் துளை கீழே பார்க்க உள்ளங்கையில் தட்டவும்.
ஈரத்தோடு பெட்டியில் பூட்டாதீர்கள்.
தண்ணீரில் ஊறப்போடாதீர்கள், மரச்சீப்பு உப்பிவிடும்.
குளிரில் எடுத்த எடுப்பில் வாசிக்காமல்
கக்கத்தில் கொஞ்சநேரம் வைத்திருங்கள்.
யாரும் படிப்பதில்லை.
படித்தால் நான் எதைத் தின்பது?

எத்தனை நாள் உழைக்கும் என்று கேட்பார்கள்.
இழுக்கிற இழுப்பைப் பொறுத்தது என்பேன்.

விர்ஜில் டேக்கெட், பைக்வில், கென்டக்கி.
எட்டு மாதத்துக்கு ஒருமுறை அவருடையது வந்துவிடும்.
எப்போதும் அதே நோவு:
நாலாம் துளை, உள்மூச்சு நாக்கு.
ஸ்வரத்தை வளைத்து வளைத்து
பித்தளை அடியில் சோர்ந்து, முடியளவு விரிசல் விட்டு,
அரை ஸ்வரம் கீழே விழுந்து கிடக்கும்.
"மறுபடி செத்துப்போச்சு" என்று பென்சிலில் எழுதியிருப்பார்.
"நீங்கள்தான் கொன்றீர்கள்" என்று
பில்லின் பின்னால் நான் எழுதுவேன்.
பதினோரு வருஷத்தில் பதினாறு நாக்கு.
சீப்பு ஒருமுறை, மேல்தகடு இரண்டுமுறை.
அவர் வாங்கியதில் மிச்சம் இரண்டு திருகாணிதான்.
அந்தத் திருகாணி இடுக்கில்
எப்போதும் கறுப்பாகக் கொஞ்சம் பொடி.
சட்டைப்பை அழுக்கு என்று
தூரிகையால் தட்டிவிட்டேன், பதினாறு முறையும்.

பிறகு ஒரு வருஷம் வரவில்லை.
இரண்டு வருஷம்.
துண்டுச்சீட்டைப் படித்துவிட்டார் போலிருக்கிறது,
ஒரு வாடிக்கை போயிற்று என்று
கொஞ்சம் எரிச்சல்கூடப் பட்டேன்.

நேற்று வந்தது. வேறு கையெழுத்து, நீலப் பேனா:
"சத்தமே வரவில்லை என்கிறார் அப்பா.
எல்லாத் துளையும் தூங்குகிறதாம்.
பார்த்துக் கொடுக்கவும். வில்டா."

கழற்றினேன். விரிசல் இல்லை, துரு இல்லை.
நாலாம் நாக்கைச் சுண்டினால்
ட்யூனர் முள் நட்டநடுவில் நிற்கிறது.
என் மேஜைக்கு வந்ததிலேயே ஆரோக்கியமான நாக்கு.
விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு
திருகாணி இடுக்கில் அந்தப் பொடியைத் தேடினேன்,
வெகுநேரம்.
பைக்வில்லில் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று
ஒரு பில்லின் பின்னாலும் நான் கேட்டதில்லை.

நாக்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சந்து உண்டு.
முரட்டு மூச்சுக்கு அதை அகலமாக விடவேண்டும்,
இல்லாவிட்டால் நாக்கு திக்கி நின்றுவிடும்.
டேக்கெட்டுக்கு அட்டைக் கனம் விட்டிருந்தேன்.
இருபது நாக்கையும் ஒவ்வொன்றாகத் தாழ்த்தினேன்,
சிகரெட் தாள் நுழைகிற அளவுக்கு.
விடிந்துவிட்டது. ஏரியில் தாதுக்கப்பல் ஒன்று
சங்கூதிவிட்டுப் போனது, அவ்வளவு காற்றை வீணாக்கி.

எப்படிச் சோதிப்பது? என் மூச்சு இதற்குப் பெரிது.
நெஞ்சு முட்ட நிரப்பிக்கொண்டேன்,
இனி இம்மியும் இடமில்லை என்கிற வரை.
அதற்குமேல் நாலாம் துளையை உள்ளே இழுத்தேன்.
பேசியது.

பில்லில் தபால் செலவு மட்டும் போட்டேன்.
துண்டுச்சீட்டு வைக்கவில்லை.
பின்பக்கம் வழக்கமான இடத்தில் எழுதினேன்:
முடிந்தால்
இதையும் கொன்று அனுப்புங்கள்.